முருங்கையடியில் பேர் தெரியாதவர்கள்

அம்மா,

முதலில் திட்டி முடித்துவிடு, பிறகு பேசலாம். உன் ரசக்கரண்டியால் மண் தோண்டிவிட்டேன். சாம்பல் போட்டுத் தேய்த்தேன், புளி போட்டுத் தேய்த்தேன், ஆனாலும் அதன் கழுத்து மடிப்பில் ஈரமண் வாசனை இன்னும் உட்கார்ந்திருக்கிறது. நேற்று ரசத்திலும் அது கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும். அப்பா ஒரு வாய் குடித்தார், டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மிளகு புதுசா?" என்று கேட்டுவிட்டு மிச்சத்தையும் குடித்தார். நம் கடையில் பாத்திரங்கள்தான் சத்தம் போடும், அப்பா போடமாட்டார். உனக்குத் தெரியாததா?

இன்று காலையிலும் கரண்டியைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தேன். அந்த வாசனைக்கு உன் நினைப்பு வருகிறது. சமைக்கிற கரண்டியில் மண் வாசனை வந்தால் நினைவுக்கு வருகிற ஒரே அம்மா இந்த ஊரில் நீயாகத்தான் இருப்பாய்.

நம் வீட்டுப் பின்பக்கத்தைத் தோட்டம் என்று எல்லாரும் சொல்கிறோம். அந்தப் பேருக்காக அது ஒரு வேலையும் செய்ததில்லை. ஒரு முருங்கை, ஒரு துவைக்கிற கல், பாத்திரம் கழுவின தண்ணீர் போகிற ஒரு கோடு, சுற்றி மதில், மதிலுக்கு மேலே மலை. யாரும் விதை போட்டதில்லை. ஆனால் கார்த்திகை தீபம் முடிந்து ஒரு மாதம் போனால் அங்கே ஒரு கூட்டம் முளைத்து நிற்கும்.

கடைக்கு வாடிக்கையாக வரும் கிராமத்துக்காரர்கள் தீபத்துக்கு வந்தால் நம் தோட்டத்தில்தான் தங்குவார்கள். மூன்று கல் கூட்டிச் சமைப்பார்கள். மூட்டையை உதறுவார்கள். பழம் தின்று கொட்டையைப் போடுவார்கள். மலையைச் சுற்றிவிட்டு வந்து, வேட்டியிலும் புடவையிலும் ஒட்டின முள்ளையும் விதையையும் உட்கார்ந்து பிடுங்கிப் போடுவார்கள். அப்புறம் பஸ் ஏறிப் போய்விடுவார்கள். அவர்கள் விட்டுப்போனது மட்டும் மண்ணுக்குள் இருந்துகொண்டு, மார்கழிப் பனியில் தலையை நீட்டும்.

நீயோ மெட்ராசில் மண்ணடி மாடிப் போர்ஷனில் வளர்ந்தவள். "மண்ணடின்னு பேர்தான்டி, நான் மண்ணையே பாத்ததில்ல" என்பாய். கல்யாணமாகி வந்த புதிதில் உனக்குத் தெரிந்த செடி துளசியும் கறிவேப்பிலையும்தானாம். அதனால்தானோ என்னவோ, முளைத்தது எதுவாக இருந்தாலும் அதன் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "இன்னாடி இது?" என்று என்னைக் கேட்பாய். எனக்கு மட்டும் தெரியுமா? நமக்குள் இருந்த ஒரே வித்தியாசம், தெரியாததை நீ தெரியாது என்று சொல்வாய். நான் உடனே ஒரு பேர் வைத்துவிடுவேன்.

வருஷா வருஷம் அப்பா களைக்கொத்தோடு வருவார். வருஷா வருஷம் நீ நடுவில் நிற்பாய். "பேர் கேக்காம யாரையும் வெளிய அனுப்பக்கூடாதுங்க. விருந்தாளிங்க வுட்டுட்டுப் போன புள்ளைங்க." பேர் தெரிந்த பிறகு அப்பா பிடுங்கலாம், ஆட்சேபணை இல்லை. தெரிகிற வரைக்கும் கூடாது. அப்பா களைக்கொத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவார்.

கண்டுபிடிக்க நாம் வைத்திருந்த வழி வேறு எந்த வீட்டிலும் இருந்திருக்காது. செடியைப் பார்த்து அல்ல, அந்த இடத்தில் யார் படுத்திருந்தார்கள் என்று பார்த்து. யார் எங்கே பாய் விரித்தார்கள் என்பது உனக்குச் சினிமா மாதிரி ஞாபகம் இருக்கும். "இங்க கீழ்பென்னாத்தூர்க்காரர் உக்காந்தார். அப்ப இது மல்லாட்டையாத்தான் இருக்கும்." வேர்க்கடலையாகவேதான் இருக்கும். "துவைக்கிற கல்லுகிட்ட அந்தச் சீட்டாட்டக்காரர். கொறிச்சுக்கிட்டே இருந்தாரே, இன்னாது அது?" காராமணி என்று இரண்டு மாதம் கழித்துத் தெரியும். அதுவரை அந்தச் செடிக்குப் பேர் சீட்டாட்டக்காரர். பேர் தெரிகிறவரை ஆள் பேரால் கூப்பிடுவது, தெரிந்த பிறகு சொந்தப் பேரால் கூப்பிடுவது, அதுதான் சட்டம். ஒரு நாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது நீ ஓடி வந்து, "அடியே, குறட்டைக்காரர் ஆமணக்காம்டி!" என்று கத்தினாய். வாயில் இருந்த பற்பொடியெல்லாம் பாவாடையில் துப்பிவிட்டேன். அந்த மனுஷர் மறு வருஷம் வந்தபோது நான் அவரைப் பார்த்து ஆமணக்கு மாமா என்று சொல்லிவிடப் போகிறேனே என்று நீ என் வாயைப் பொத்திக்கொண்டே திரிந்தாய்.

ஆள் நினைவு வராத செடிக்கு அடுத்த வீட்டு ஜமீலாக்காவின் ஆட்டுக்கிடா இருந்தது. நவாப். ஒரு இலையைக் கிள்ளி மதிலுக்கு மேல் நீட்டுவோம். நவாப் தின்றால் கீரை, தின்னாவிட்டால் களை. நவாப் என் கணக்குப் பரீட்சைத் தாளையே தின்றவன். அவனை வைத்து என்ன தீர்ப்புச் சொல்வது? ஆனாலும் அவன் ஒரு தடவை நம்மைக் காப்பாற்றினான். நான் ஆறாவது படிக்கும்போது, வாய்க்கால் ஓரத்தில் கொத்தமல்லி மாதிரி ஒரு கூட்டம் வந்தது. நீ ஆசை ஆசையாகத் தண்ணீர் ஊற்றி இடுப்பளவு வளர்த்தாய். நானும் விடாமல், "நாளைக்கு ரசத்துல போடலாம்மா" என்று ஏற்றிவிட்டேன். நீ ஒரு கொத்தைக் கிள்ளி நவாபுக்கு நீட்டினாய். அவன் முகர்ந்தான், தும்மினான், திரும்பி நின்றுகொண்டான். ஜமீலாக்கா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "அல்லாவே, இத்தப் போயா தண்ணி ஊத்தி வளத்த? கை பட்டா அரிப்பெடுத்துப் போய்டும், வீசும்மா" என்றது. அதற்குள் உனக்கு முழங்கை வரை அரித்துவிட்டது. அப்போதும் அதைப் பிடுங்குவதற்கு முன்னால், "இதுக்குப் பேர் இன்னாக்கா?" என்று கேட்டுக்கொண்டுதான் பிடுங்கினாய்.

நான் செய்த வேலையும் உண்டு. நாயுருவித் தண்டில் காகிதப்பூவை நூலால் கட்டிவிட்டேன். நீ தெருவில் பாதிப் பேரைக் கூட்டி வந்து காட்டினாய். சாயந்திரம் முடிச்சைப் பார்த்துவிட்டாய். மறுநாள் பிசைந்த சோறு உருட்டிக் கையில் வைத்தாய். நடுவில் வேப்பங்கொழுந்து. நான் முகத்தைச் சுளிக்க, "இது எந்தச் செடின்னு கண்டுபிடி பாப்போம்" என்றாய். அந்தத் தெருவில் என்னைத்தான் எல்லாரும் வாலு என்பார்கள். வால் எங்கிருந்து வந்தது என்று யாரும் யோசித்ததில்லை.

தை மாதம் வந்தால் இலந்தைப் பழம் வாங்கிக்கொண்டு துவைக்கிற கல்லின்மேல் உட்காருவோம். கொட்டையைத் துப்புகிற போட்டி. நீ கழுத்தைப் பின்னால் சாய்த்து, கன்னத்தை உப்பி, ஃபூ என்று விட்டால் அது மதிலில் பட்டு டிக் என்று சத்தம் வரும். என்னுடையது பாதி வழியில் விழும். "மூச்ச வயித்துல புடிடி" என்பாய். கடைசி வரை உன்னைத் தோற்கடிக்க முடியவில்லை.

போன வருஷத் தீபத்துக்கு வந்தவர்களை அனுப்பிவைத்த பிறகுதான் நீ படியேற மூச்சு வாங்கினாய். டாக்டர் உன் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் கம்மி, இரும்புச்சத்து கம்மி என்றார். அந்த வாரம் தெருவில் "பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்" என்று வண்டிக்காரர் கத்திக்கொண்டு போனார். நான் ஓடிப்போய், "எங்கம்மா உடம்புல இரும்பே இல்லியாம், எப்படிக் குடுப்பீங்க?" என்று கேட்டதை உன்னிடம் வந்து சொன்னேன். நீ சிரித்துச் சிரித்து இருமினாய். ஜமீலாக்காதான் வீட்டில் இருந்த நல்ல பழத்தை டப்பாவோடு கொண்டுவந்து, "காலைல ரெண்டு. ஜாஸ்தி வேணாம், கம்மியும் வேணாம்" என்று அப்பாவிடம் கொடுத்தது.

மாசியில் உன் கட்டிலை முருங்கையடியில் போடச் சொன்னாய். தீபத்துக்கு வருகிறவர்கள் அங்கே மட்டும் படுக்கமாட்டார்கள், கம்பளிப்பூச்சி விழும் என்று. "காலியாக் கெடக்குற எடம் அது ஒண்ணுதான். மத்த எடத்துல எல்லாம் ஆளுங்க மொளைச்சிருக்காங்க" என்றாய். அங்கே படுத்தபடியே அந்த வருஷத்துச் செடிகளுக்கு ஒவ்வொன்றாகப் பேர் சொன்னாய். தினமும் காலையில் அப்பா கிண்ணத்தில் இரண்டு பேரீச்சம்பழம் கொண்டுவந்து எதிரில் நிற்பார். கடைக்குப் போகிற அவசரத்திலும் கிண்ணம் காலியாகிற வரை நிற்பார். நீ "கொஞ்சம் தண்ணி" என்பாய். அவர் உள்ளே போய் எடுத்து வருவார். கிண்ணம் காலி.

"கொட்டை எங்க?"

"மதிலுக்கு அந்தாண்ட துப்பிட்டேன்."

அப்பா மதிலைப் பார்த்துத் தலையாட்டுவார். உன் திறமை ஊரறிந்தது ஆயிற்றே.

அது பழத்தில் தீருகிற நோய் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. சித்திரையில் நீ போய்விட்டாய்.

இந்த வருஷம் துக்க வீடு என்று தீபத்துக்கு யாரும் வரவில்லை. மலைமேல் தீபம் எரிந்தது. அப்பாவும் நானும் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தோம். தோட்டத்தில் அடுப்புக் கல் இல்லை, பாய் இல்லை. மார்கழியில் ஒன்றுமே முளைக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னாலேயே, ஆவணி மழையில், முருங்கையடியில் ஏதோ வந்திருந்தது. பச்சைக் கத்தி மாதிரி ஒற்றை இலை. நடுவில் ஒரு மடிப்பு. சில இடத்தில் இரண்டு கத்தி ஒட்டி ஒட்டி. மாதக்கணக்காகியும் அதே கத்தி, கொஞ்சம் நீளமாக, அவ்வளவுதான்.

உன் வழியில் கண்டுபிடிக்கப் பார்த்தேன். அங்கே யாருமே படுத்ததில்லை. நவாபுக்கு நீட்டினேன். வெகுநேரம் மென்றான், துப்பிவிட்டான். "நவாபே தோத்துட்டான், போ" என்றது ஜமீலாக்கா. கோயில் வாசலில் பூக்கட்டுகிறவர்களிடம் ஒரு துண்டு கொண்டுபோனேன். ஒருத்தர் கோரை என்றார், ஒருத்தர் தாழை என்றார். பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து காட்டினால் ஒருவித்திலைத் தாவரம் என்றார்கள். இருப்பதே ஒரு இலை, அது எனக்குத் தெரியாதா?

அப்பா தினமும் கடையிலிருந்து வந்ததும் கை கால் கழுவிக்கொண்டே கேட்பார்.

"பேர் தெரிஞ்சுதா?"

"புல்லு மாதிரிதான் இருக்குப்பா. ஆனா புல்லுக்கு இவ்ளோ வெறைப்பு ஆகாது. போலீஸ்காரர் வீட்டுப் புல்லா இருக்கும்."

மறுநாள் மறுபடி. "பேர் தெரிஞ்சுதா?"

"ஆராய்ச்சி நடக்குதுப்பா."

நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்ட பேச்சு பெரும்பாலும் இதுதான். இந்தக் கேள்வி இல்லாவிட்டால் அந்த வீட்டில் ஒரு நாள் முழுக்கக் குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டிருக்கும். பேர் தெரிந்துவிட்டால் அப்பா களைக்கொத்தை எடுப்பார், அதுதானே நீ போட்ட சட்டம். அதனால் எனக்கும் பேர் தெரிய அவசரமில்லை. சும்மா ஒரு பேர் வைத்துவிடுவது என் பழக்கம். இந்தத் தடவை வைக்கவில்லை.

பொங்கல் கழிந்து போன திங்கட்கிழமை, அப்பா சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து, தரையைப் பார்த்துச் சொன்னார்: "கொத்தனார்கிட்ட சொல்லிட்டேம்மா. வியாழக்கிழம தோட்டத்துக்கு சிமெண்ட் போட்டுடலாம். நீ தனியா இருக்குற. பாம்பு பூச்சி வருது."

"பேர் இன்னும் தெரியலப்பா."

"எத்தினி மாசம்மா பாக்குறது?" கோபமில்லை. களைத்த குரல். "பாத்துப் பாத்து இன்னா ஆவப்போவுது?"

நான் அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். 

நேற்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், கடையில் பழைய பித்தளைக் குவியலிலிருந்து ஓட்டைச் சொம்பு ஒன்றை எடுத்து வந்தேன். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது, ஒன்றையாவது வேரோடு மாற்றி வைக்கலாம் என்று. களைக்கொத்தால் தொட மனசில்லை. கைக்கு அகப்பட்டது உன் ரசக்கரண்டி. ஒரு செடியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றி ஊற விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டினேன். வெள்ளையாக ஒரு வேர் நேராகக் கீழே போயிற்று. பக்கவாட்டில் ஒரு சின்னக் குழாய். அதன் முனையில் ஏதோ கெட்டியாக ஒட்டியிருந்தது. விரலால் மண்ணைத் துடைத்தேன். நீளமாக, பழுப்பாக, நடுவில் நகத்தால் கீறினது மாதிரி ஒரு கோடு.

பேரீச்சங்கொட்டை.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அட, துப்பினது முளைத்திருக்கிறதே என்று. அப்புறம் மதிலைத் திரும்பிப் பார்த்தேன். மதில் அந்தப் பக்கம் இருக்கிறது. இது உன் கட்டில்கால் இருந்த இடம். கொட்டை மண்ணுக்கு மேலேயும் இல்லை, ஒரு விரல் ஆழத்தில் இருந்தது. கட்டிலில் படுத்துக் கையைத் தொங்கவிட்டால் விரல் எங்கே மண்ணைத் தொடுமோ, அதே இடத்தில், வரிசையாக. பக்கத்தில் இருந்ததையும் மெல்லத் தோண்டினேன். ஒரே குழியில் இரண்டு கொட்டை. இரண்டு இரண்டாக.

திருடி!

தின்றிருந்தால் கொட்டையை ஏன் ஒளிக்க வேண்டும்? நீ தின்னவே இல்லை. அப்பா தண்ணீர் எடுக்க உள்ளே போகிற நேரத்தில் பழத்தை மண்ணில் வைத்து அமுக்கிவிட்டு, மேலே மண்ணைத் தள்ளிவிட்டு, காலிக் கிண்ணத்தை நீட்டியிருக்கிறாய். படுக்கையில் புரண்டு படுக்கவே மூச்சு வாங்கினவள் மதிலுக்கு அந்தாண்ட எப்படித் துப்பியிருப்பாய்? நானும் அப்பாவும் அதை ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. நம்புவதற்கு வசதியாக இருந்தது, நம்பிவிட்டோம்.

ஜமீலாக்காவைக் கூப்பிட்டுக் கொட்டையைக் காட்டினேன். மதிலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. "அடிப்பாவி, எம்பழத்த மண்ணுக்கு ஊட்டியிருக்கா பாரு" என்றது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தது. "குமட்டுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நான் வேற எதுனா குடுத்திருப்பேன். எங்க மனசு நோவும்னு வாயத் தொறக்கல பாரு."

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். நீ இல்லாத இந்த மாதங்களில் நான் ஒரு விஷயத்தை விளையாட்டில்லாமல் சொன்னது அதுதான் முதல் தடவை.

"பேர் தெரிஞ்சுதுப்பா. பேரீச்சை."

அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்தார். எங்கே இருந்தது, எவ்வளவு ஆழம் என்று சொன்னேன்.

"ரெண்டு ரெண்டாவா?"

"ரெண்டு ரெண்டாதான்."

"நான் எதுத்தாப்பலயேதானடி நிப்பேன்."

"அம்மா தண்ணி கேக்குமே."

"தண்ணி…" அப்பா வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் எழுந்துவிட்டேன். சிரிப்பு, அம்மா. சத்தமில்லாத சிரிப்பு. "பழம் விக்கிதோன்னு நெனச்சேன்டி. ஓடி ஓடிப் போயி எடுத்தாந்தேன்" என்றார். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு ரசத்தை எடுத்து ஒரு வாய் குடித்தார். அப்போதுதான் அந்தக் கேள்வி. மிளகு புதுசா?

பேர் தெரிந்துவிட்டது. இனிமேல் பிடுங்கலாம். சட்டப்படி நான் ஒன்றும் சொல்ல முடியாது. அப்பா கை கழுவிக்கொண்டு படுக்கப் போய்விட்டார்.

இன்று காலையில் கொத்தனார் வந்தார். நான் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு, உடனே போகாமல், பின்வாசலிலேயே நின்றேன். அவர் நூல் பிடித்துக்கொண்டே வந்து முருங்கைப் பக்கம் திரும்பினார். அப்பா குறுக்கே போய் நின்றார். நீ நிற்பாயே, அதே மாதிரி. மேல்துண்டு மட்டும்தான் வித்தியாசம்.

"அங்க வேணாம். அந்த மூலைய அப்பிடியே வுட்டுடு."

"ஏங்க, புல்லு மொளைச்சுக் கெடக்குதே. கொத்திட்டு ஒண்ணாப் போட்டாத்தான தண்ணி ஓடும்?"

"வேணாம்பா. அங்க அவ இருக்கா."

கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினேன். அவர் ஒன்றும் புரியாமல் நூலைப் பின்னால் நகர்த்திக் கட்டினார்.

அதனால் இப்போது தோட்டம் பாதி சிமெண்ட், பாதி நீ. கிழக்கே சிமெண்ட் காயட்டும் என்று ஈரச் சாக்கு விரித்திருக்கிறது. முருங்கையடியில் கத்திகள் நிற்கின்றன. நான் தோண்டியதைச் சொம்பில் வைத்திருக்கிறேன், வாடவில்லை. பேர் தெரிந்த பிறகும் ஆள் பேரால் கூப்பிடுகிற செடி நம் வீட்டில் இதுதான் முதல். "அவளுக்குத் தண்ணி ஊத்துனியா?" என்று இன்று சாயந்திரம் அப்பா கேட்டார். பேர் தெரிஞ்சுதா என்ற கேள்வி போய் இது வந்திருக்கிறது.

காய்க்கப் பல வருஷம் ஆகும், ஆண் மரமாக இருந்தால் காய்க்கவே காய்க்காது என்கிறது ஜமீலாக்கா. ஆகட்டும். காய்த்தால் முதல் இரண்டு பழம் அப்பாவுக்கு. தண்ணீர் கேட்டால் நான் உள்ளே போகமாட்டேன், எதிரிலேயே சொம்போடு நிற்பேன். உன் குடும்பத்தில் இனி யாரையும் நான் நம்புவதாக இல்லை.

வழியில் புதிதாக ஒரு செடியைப் பார்த்தால் நின்றுவிடுகிறேன். இங்கே யார் உட்கார்ந்திருப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றுகிறது. பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகிவிடுகிறது, ஏன் என்று கேட்டால் சொல்ல முடிவதில்லை.

இன்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இலந்தைப் பழம் வாங்கி வந்தேன். துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து, கழுத்தைப் பின்னால் சாய்த்து, மூச்சை வயிற்றில் பிடித்துத் துப்பிப் பார்த்தேன். மதிலுக்கு இன்னும் ஒரு முழம் குறைகிறது, அம்மா.